கேப்டன் ஹாரியரின் உயரம்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்காக வெர்னன் குபாலாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். செயலாளர் நான்தான் என்பதால் வேறு யார் தலையிலும் கட்ட முடியவில்லை. எழுதினேன். முப்பத்தோரு வருஷம் லோரெய்ன் இரும்பாலையில் குழாய்களில் விரிசல் தேடியவர், இருபது வருஷமாக ஈரி ஏரிப் பொம்மைச் சேகரிப்பாளர் சங்கத்துக்குத் தரம் பார்ப்பவர், ஒஹாயோ முழுக்க அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது என்றெல்லாம் எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் படித்துப் பார்த்தபோது எனக்கே வாய் கசந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

வெர்னன் ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க மாட்டார், முகர்வார். சிகரெட் பிடிக்கிற வீட்டில் இருந்ததா, ஈரம் ஏறிய நிலவறையில் கிடந்ததா என்பதை மூக்கே சொல்லிவிடும். அதற்குப் பிறகுதான் பூதக்கண்ணாடி. கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒன்று. சாகச வீரர் எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும் வண்ணம் முதலில் தேய்வது மூக்கு நுனியிலும் பூட்ஸ் நுனியிலும்தான், அங்கே பார்ப்பார். முதுகில் தொங்கும் மேலங்கியின் மடிப்பைப் பிரித்து, உள்நிறத்தையும் வெளிநிறத்தையும் ஒப்பிட்டு, எத்தனை வருஷம் ஜன்னலோரம் நின்றிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பழைய பிளாஸ்டிக் கால் எண்ணெய் கசிந்து பிசுபிசுக்கும், அதைப் புறங்கையால் தொடுவார். முழங்காலை ஒரே ஒரு தடவை மடக்குவார். இரண்டாம் தடவை மடக்கினால் அந்தத் தேய்மானம் தன் கணக்கில் வந்துவிடும் என்பார். எல்லாம் முடிந்ததும் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் சொல்லுவார், அவ்வளவுதான். பத்து யாருக்கும் போட்டதில்லை. ஒன்பது மூன்று தடவை போட்டிருக்கிறார், மூன்றும் எனக்கு இல்லை.

இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை, மாதா கோவிலின் கீழ்த்தள மண்டபத்தில் நாற்பது பேர் கூடுவோம். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர், ஒரு பல் மருத்துவர், தபால் நிலையத்திலிருந்து நான். ஆறு வாங்கிய அந்தப் பல் மருத்துவர் காரில் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். வெர்னன் சொல்லும் எண்ணுக்கு எங்களிடையே அவ்வளவு மதிப்பு.

போலி என்று முடிவானால் எண் கிடையாது. வெட்டிவிடுவோம். தகரம் வெட்டுகிற கத்தரியால் இடுப்போடு இரண்டு துண்டு. போலி திரும்பச் சந்தைக்குப் போய் இன்னொருத்தனை ஏமாற்றக் கூடாது என்று இப்படி ஒரு வழக்கம். சொந்தக்காரர் சம்மதித்தால்தான் வெட்டலாம். சம்மதிக்காவிட்டால் பொம்மையின் படமும் அவர் பெயரும் மாத இதழில் வரும். அதனால் சம்மதிக்காதவர் என்று ஒருவரும் இருந்ததில்லை. கத்தரி பிடிப்பது முறை வைத்து மாறும்.

எங்கள் பக்கத்துச் சரக்குகளில் உச்சம் என்றால் கேப்டன் ஹாரியர். எட்டங்குல உயரம், நீல மேலங்கி, கையில் தீக்குச்சி நீளத்தில் ஓர் ஈட்டி. ஆக்ரன் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி 1976இல் செய்து, இரண்டே வருஷத்தில் கம்பெனியையும் இழுத்து மூடிவிட்டது. அசல்கள் சொற்பம், நகல்கள் தண்ணீர் பட்ட பாடு. வெர்னனிடம் ஒன்று இருந்தது. 1991இல் பென்சில்வேனியாச் சந்தையில், அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்ததாகச் சொன்ன ஒருவரிடம் வாங்கியது. எந்த ஹாரியர் மேஜைக்கு வந்தாலும் வெர்னன் தன்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் சாட்சி.

ஈட்டிக்கு மட்டும் தனிச் சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரில் போடுவார். அசல் ஈட்டி முழுகும், நகல் மிதக்கும், ஏனென்றால் நகல் எடுப்பவன் மலிவான பிளாஸ்டிக்கைத்தான் ஊற்றுவான். எல்லார் ஈட்டியும் அந்த டம்ளருக்குள் போயிருக்கிறது. சாட்சியின் ஈட்டி போனதில்லை. போக வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவும் இல்லை.

2009 மார்ச், தவக்காலம். தவக்கால வெள்ளிதோறும் கோவிலில் ஊருக்கு மீன் வறுத்துப் போடுவார்கள், முந்தின நாள் எண்ணெய் வாடை மண்டபத்தில் இன்னும் இருந்தது. அன்றைக்கு டெல்பர்ட் லில்லி என்று ஒருவர் சங்கத்தில் சேர வந்தார். நாற்பது வயதிருக்கும், பஸ் டிப்போவில் மெக்கானிக், மேற்கு வர்ஜீனியாவிலிருந்து குடிவந்த குடும்பம். அந்தப் பக்கத்து மலைக்காட்டு ஆட்கள் என்றால் படிக்காதவர்கள், ஏமாற்றுக்காரர்கள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சேர வருகிறவர் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து, வெர்னன் அதைப் பார்க்கும்போது மேஜைக்கு எதிரே நிற்க வேண்டும். டெல்பர்ட் ஒரு ரொட்டிப் பையின் வாயை அவிழ்த்து உள்ளேயிருந்து கேப்டன் ஹாரியரை எடுத்து வைத்தார்.

மண்டபத்தில் பேச்சு நின்றுவிட்டது. எங்கே கிடைத்தது என்று வெர்னன் கேட்டார். நாங்கள் ஒஹாயோ வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அம்மா வாங்கிக் கொடுத்தது சார் என்றார் டெல்பர்ட். அவருடைய அம்மா ஓபல், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை பார்த்தவள். அந்த வருஷம் கோடையிலிருந்தே இரண்டு ஷிப்ட் வேலை செய்து, டவுனில் இருந்த பெரிய கடையில் வாங்கினாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. நான் பதினெட்டு வருஷமாக ஒரு ஹாரியரைத் தேடிக்கொண்டிருந்தேன், இவரோ ரொட்டிப் பையில் சுற்றிக்கொண்டு வருகிறார்.

வெர்னன் முகர்ந்தார். கண்ணாடி போட்டார். ஈட்டியைத் தண்ணீரில் போட்டார், அது கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள். பிறகு சாட்சியை எடுத்து நிறுத்தினார். முதுகில் இருக்கும் எழுத்துகள் சாட்சியில் கொஞ்சம் மழுங்கல், இதில் கூர்மை. மேலங்கித் தையல் சாட்சியில் வெள்ளை நூல், இதில் கறுப்பு. கடைசியாக அளவு பார்க்கும் காலிப்பரை எடுத்தார். டெல்பர்ட்டின் ஹாரியர் சாட்சியைவிட இரண்டு மில்லிமீட்டர் உயரம்.

“மூணு வித்தியாசம்” என்றார் வெர்னன். “போலி.”

டெல்பர்ட் சண்டைக்கு வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். “நகல் எடுத்தா சின்னதாத்தானே சார் ஆகும்? அச்சுல ஊத்தினது ஆறும்போது சுருங்கும். பெருசா எப்படி ஆகும்?”

இதற்கு மேல் நியாயமான கேள்வி கிடையாது. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தால் நகல் ஒரு நூல் குறையும், எழுத்து மழுங்கும் என்று எங்களுக்கெல்லாம் பாடம் சொன்னதே வெர்னன்தான். அங்கே இருந்த நாற்பது பேருக்கும் அது தெரியும். ஆனால் சாட்சி அசல் என்பது எங்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அதனால் இந்த ஆள் வேறு ஏதோ புதுத் தினுசில் ஏமாற்றுகிறார் என்றுதான் எங்கள் புத்தி போனது. ஈட்டிக்கு யாரோ கனம் கூட்டியிருக்கிறார்கள், இப்போதெல்லாம் அதையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றார் வெர்னன்.

“அப்ப உங்க ஈட்டியையும் ஒரு தடவ தண்ணியில போட்டுப் பாருங்களேன் சார்” என்றார் டெல்பர்ட்.

வெர்னனின் காது சிவந்தது. “எடைக்கல்ல யாரும் எடை போட்டுப் பாக்குறதில்ல தம்பி” என்றார்.

தீயணைப்பு வீரர்களில் மூத்தவர், மேற்கு வர்ஜீனியாவில் பல்லுக்குக்கூடத் தோட்டா ஈயத்தைத்தான் அடைப்பார்கள், ஈட்டிக்கு அடைக்க மாட்டார்களா என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். மரியாதைக்காகச் சிரித்த சிரிப்பு அல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அன்றைக்குக் கத்தரி முறை என்னுடையது. சம்மதமா என்று டெல்பர்ட்டைக் கேட்டேன். அவர் பொம்மையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “அப்ப எங்கம்மா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, “வெட்டுங்க மேடம். இத்தனை பேரு சொல்றீங்க, நான் ஒருத்தன் என்னத்தச் சொல்ல” என்றார்.

நான் அதற்கு முன்னால் ஐந்து போலிகளை வெட்டியிருக்கிறேன். நகல் பிளாஸ்டிக் ரப்பர் கலந்தது. கத்தரிக்குப் பாலாடைக்கட்டி மாதிரி வழிவிடும். இது வழிவிடவில்லை. அழுத்தியபோது வெட்டுவாயில் வெள்ளையாகப் பூத்து, பட்டென்று முறிந்தது. உள்ளே கைகால்களைப் பிணைத்திருந்த பழைய எலாஸ்டிக் சுருண்டு வெளியே வந்து விழுந்தது. அப்போதே என் கைக்குத் தெரிந்துவிட்டது. ஏதோ தப்பு என்று கை சொன்னது. அதை நான் வாயால் சொல்லவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வெர்னன் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்தாற்போல் காபியும், பொன்ச்கி என்கிற ஜாம் வைத்த போலந்துப் பலகாரமும் வரப்போகிறது. இரண்டு துண்டையும் டெல்பர்ட்டிடம் கொடுத்தேன். ரொட்டிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார். உறுப்பினர் அட்டையைத் தபாலில் அனுப்பினோம். அவர் திரும்ப வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மாத இதழின் பிழைதிருத்தப் பக்கங்களைக் காட்ட வெர்னன் வீட்டுக்குப் போனேன். அவர் தனி ஆள், சமையலறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். உள்ளே போனால் மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் சாட்சி. தண்ணீர் மட்டத்தில் அந்தத் தீக்குச்சி நீள ஈட்டி மிதந்துகொண்டிருந்தது. வெர்னன் வெளியே போகிற கோட்டைக்கூடக் கழற்றாமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

பக்கங்களை மேஜையில் வைத்தேன். இந்த வெள்ளிக்கிழமை மீனுக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும் போலிருக்கிறது என்று சொன்னேன். ஆமாம் என்றார். வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பக்கங்களில், ஒரு போலி ஹாரியர் கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டது என்று ஒரு பத்தி இருந்தது. அதை எழுதியது நான், அப்படியே அச்சுக்கு அனுப்பியதும் நான். பெயர் போடவில்லை. பெயர் போட வேண்டிய அவசியமும் இல்லை, ஊருக்கே தெரியும். டிப்போவில் அவரை டூப்ளிகேட் டெல்பர்ட் என்று கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஈட்டி தொலைந்துபோயிருந்ததால் வெர்னன் சாட்சியின் பக்கத்தில் மட்டும் நிறுத்திப் பார்த்து அசல் என்று சொன்ன ஹாரியர்கள் எங்கள் சங்கத்தில் நான்கு பேரிடம் இருந்தன, நான்கும் போலியாகிவிடும். வெட்டிப் போட்டவற்றில் எத்தனை அசலோ, யாருக்குத் தெரியும்? சங்கத்தின் பெயர் நாறிவிடும் என்றெல்லாம் காரணம் அடுக்கலாம். உண்மைக் காரணம் சின்னது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் போனதும் ஒரு வாரம் சும்மா இருந்ததற்கும் சேர்த்து வெட்கம். ஒரு வருஷம் போனதும் அந்த வருஷத்துக்கும் சேர்த்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே தினமும் தின்றுகொண்டிருந்தோம். ஒரு தடவை மளிகைக் கடையில் டெல்பர்ட்டைத் தூரத்தில் பார்த்துவிட்டு, முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். எனக்கு அப்போது அறுபது வயது. அவர் போகிற வரைக்கும் முட்டைக்கோஸ் பொறுக்குகிற மாதிரி நடித்ததில் நான்கு முட்டைக்கோஸ் வாங்கும்படி ஆயிற்று.

வெர்னன் அதற்குப் பிறகு எந்த ஹாரியரையும் தொடவில்லை. யாராவது கொண்டுவந்தால் கண்ணில் புரை விழுகிறது, வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்பார். மற்ற பொம்மைகளுக்கு அந்தப் புரை வராது. எவ்வளவு அடக்கமான மனிதர், தன் கண்ணைத் தானே சந்தேகிக்கிறாரே என்று சங்கத்தார் அதற்கும் சேர்த்து அவரை மெச்சினார்கள். அப்படிப் பேசும்போதெல்லாம் அவர் என் பக்கம் திரும்ப மாட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்காருவதையும் விட்டுவிட்டோம். ஏழு வருஷம் இப்படியே ஓடியது.

இந்த வருஷம் வெர்னனுக்கு எழுபது. சங்கம் விழா எடுக்க முடிவு செய்தது. மலரில் அவர் வாழ்க்கைக் குறிப்பு, மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் சாட்சி, கீழே பித்தளையில் அவர் பெயர். தீர்மானத்தைப் படித்துக் காட்டியதும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். வெர்னனும் எழுந்தார், ஆனால் கழிப்பறைக்குப் போய்விட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் எனக்குப் போன் வந்தது.

“காரை எடு கிளாரிஸ்” என்றார். “வீடு எனக்குத் தெரியும். தனியாப் போகத்தான் துணிச்சல் இல்ல.”

எங்கே என்று நான் கேட்கவில்லை.

டெல்பர்ட்தான் கதவைத் திறந்தார். தலை நரைத்துவிட்டது. யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எங்களை அடையாளம் தெரிந்துகொண்டார். உள்ளே வாங்க, காபி போடுகிறேன் என்றார். வெர்னன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார மாட்டேன் என்று நின்றார். கோட்டுப் பையிலிருந்து சாட்சியை எடுத்துச் சமையலறை மேஜையில் வைத்தார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. “உங்களோடதுதான் அசல், மிஸ்டர் லில்லி. என்னோடதுதான் போலி. நீங்க அன்னைக்குச் சொன்னது அத்தனையும் சரி. அவ்வளவு பேர் முன்னாடி உங்கள அசிங்கப்படுத்தினேன். இத வெட்டுங்க, எரிங்க, என்ன வேணா செய்யுங்க. விழாவுல எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்.”

டெல்பர்ட் அந்தப் பொம்மையைத் தொடவில்லை. வேண்டாம் சார், இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க என்றார். கோபமே இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

“பொம்மைய விடுங்க” என்றார். “அன்னைக்குச் சாயங்காலமே எங்கம்மாகிட்டப் போனேன். ஏம்மா எங்கிட்டப் பொய் சொன்னேன்னு கேட்டேன். ரெண்டு ஷிப்ட் பாத்தேன், பெரிய கடையில வாங்கினேன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தியே, எங்கயோ தெருவுல வித்த போலிய வாங்கிக் குடுத்துட்டுப் பெருமையடிச்சியான்னு கேட்டேன். நான் பொய் சொல்லலடான்னாங்க. நான் நம்பல. ஒஹாயோலேயே பெரிய ஆளு, அவருக்குத் தெரியாதான்னு கேட்டேன்.” காபிக் கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். “உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?”

வெர்னன் என்னைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார்.

“இப்பத்தான்” என்றார். “போன மாசம்.”

அதை அப்படியே விட்டிருக்கலாம். டெல்பர்ட் தலையை ஆட்டிக்கொண்டார், கோப்பைகளை எடுத்து வைத்தார். வெர்னனுக்கு எழுபது வயது, கண்ணில் தண்ணீர் நிற்கிறது. என் வாய் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாரும் சமாதானமாக வீடு போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் அந்த மனிதர் எனக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்தார்.

“இல்ல” என்றேன். “அதே வாரம். வியாழக்கிழமை. எனக்கும் தெரியும், நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.”

டெல்பர்ட் கோப்பைகளை மேஜையில் விட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் பேசியது எங்களிடம் பேசுகிற மாதிரி இல்லை.

“அம்மா அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போவேன். அந்தப் பேச்ச நானும் எடுக்கல, அவங்களும் எடுக்கல. கிறிஸ்துமஸ் அன்னைக்கு மட்டும் என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க.”

வெர்னன் நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்தார். அதில் கை நுழைக்கிற துளை அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு தடவை துழாவினார். நான் எழுந்து உதவியிருக்க வேண்டும், எழவில்லை. டெல்பர்ட்தான் எழுந்து வந்தார். கோட்டைப் பிடித்து, ஒரு கை, மறு கை என்று மாட்டிவிட்டு, வெளியே குளிர் அடிக்கிறது சார் என்று மேல் பொத்தானையும் போட்டுவிட்டார்.